கடைசி நாலு போல்ட்டு

தள்ளி உக்கார வேண்டாம் அண்ணாச்சி, சட்டையில ஒட்டாது. பெட்ரோல் விட்டு ரெண்டு தடவை கழுவிட்டுத்தான் பேப்பர்ல சுத்தியிருக்கேன். கண்டக்டர் கிட்டயும் அதத்தான் சொன்னேன். பின்னால டிக்கியில போடுங்கன்னாரு. அங்க போட்டா எவனாவது மேல வெங்காய மூட்டைய ஏத்திருவான். மடியிலயே வச்சிக்கிடுதேன்னுட்டேன்.

என்னதுன்னு பாக்கீங்களா? சம்ப்பு. ஆயில் சம்ப்பு. காரு இஞ்சினுக்கு அடியில எண்ணெய் கிடக்கிறதுக்கு தொட்டி மாதிரி ஒண்ணு இருக்கும்லா, அதுதான். பழைய இங்கிலீஷ் வண்டி, ஐம்பத்தேழாம் வருஷ மாடல். பாளையங்கோட்டையில ஒரு பட்டறைக்காரன் இருக்கான், தகடு வளைவு எடுக்கதுல கெட்டிக்காரன்னாங்க. அவன்கிட்டத்தான் கொண்டு போறேன். இந்தா, பேப்பர விலக்குதேன், பாருங்க. இந்த விளிம்புல வரிசையா ஓட்டை இருக்கா, மொத்தம் இருபது. இதுல போல்ட்ட விட்டு இஞ்சினோட இறுக்கணும். நடுவுல கார்க்குல ஒரு வார் வரும், கேஸ்கட்டு. விளிம்பு மட்டமா இருந்தா கேஸ்கட்டு ஒழுங்கா உக்காரும், எண்ணெய் வெளிய வராது. இங்கன விரல வச்சுப் பாருங்க. பள்ளம் தெரியுதா? தெரியலையா? எல்லாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

முப்பத்தோரு வருஷம் மில்லுல மெஷின் செக்கிங்ல இருந்தவன் நான். ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டாத்தான் மெஷின் ஓடும். மேனேஜரே வந்து பக்கத்துல நின்னு வாட்ச்சப் பாத்தாலும் சரி, எனக்குத் திருப்தி இல்லன்னா பேனாவத் தொறக்க மாட்டேன். நான் கையெழுத்துப் போட்ட மெஷின் ஒண்ணு கூட அதுக்கப்புறம் மக்கர் பண்ணினது கிடையாது. பெருமைக்குச் சொல்லல. எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சாத்தான் மத்தது உங்களுக்கு விளங்கும்.

வண்டி என்னோடது இல்ல. தனிஸ்லாசோடது. எனக்கு நாப்பது வருஷக் கூட்டாளி. துறைமுகத்துக்கிட்ட ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தான். அந்த ஆபீஸ் ஷெட்டுல கேப்பாரத்துக் கிடந்த வண்டிய இவன் எடுத்து, பச்சைப் பெயிண்ட் அடிச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு மாதா கோயிலுக்குப் போவான். பூசை முடிஞ்சதும் நேரா என் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். ஹாரன் அடிக்க மாட்டான். அடிக்கவும் வேண்டாம். தெருமுனையில திரும்பும்போதே சத்தம் தெரியும். தையல் மெஷினு மாதிரி சீரா இருக்கும். பிள்ளைங்க இல்லாத வீடு அது. அவனுக்கும் செலினுக்கும் அந்த வண்டிதான்.

அப்புறம் இஞ்சின் படுத்துட்டு. ஒம்போது வருஷம் ஷெட்டுலயே நின்னுது. போன வருஷம்தான் பால்பாண்டின்னு ஒரு மெக்கானிக்கு இஞ்சின முழுசாப் பிரிச்சுக் கட்டி, வண்டியில ஏத்திக் குடுத்தான். நல்ல வேலைக்காரன்தான், இல்லங்கல. கொஞ்சம் அவசரக்காரன். அதனால கடைசி வேலைய, இந்த சம்ப்பு மாட்டுதத, நானும் தனிஸ்லாசுமே செஞ்சிக்கிடுதோம்னு சொல்லிட்டோம். சொன்னது நான்தான். அவன் சரின்னான்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அவனுக்குப் பக்கவாதம் வந்துட்டு. வலது பக்கம் கையும் காலும் விழுந்துட்டு. பேச்சும் போயிட்டு. பெரியாஸ்பத்திரியில பன்னெண்டு நாள் வச்சிருந்து, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. கார் ஷெட்டுக்கு நேரா ஒரு ஜன்னல் இருக்கு. செலின் அந்த ஜன்னல் ஓரமா கட்டில இழுத்துப் போட்டா. என்கிட்ட வந்து, "அண்ணே, அவுகளுக்கு அந்த வண்டிச் சத்தத்த ஒருக்கா கேக்க வச்சிருங்கண்ணே, கொஞ்சம் தெம்பு வரும்"னா. நான் என்ன சொல்லுவேன்? "தங்கச்சி, இது நான் செய்ய வேண்டியது. ஒரு வாரம்"னேன்.

ஒரு வாரத்துல முடியிற வேலைதான் அது.

மொத தடவை கார்க்கு வார் மெட்ராஸ்ல இருந்து வந்துது. தண்ணியில ஊறப் போட்டு, பதமா எடுத்து வச்சு, நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்கினேன். வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, நெஞ்சு மேல சம்ப்பத் தாங்கிக்கிட்டு. எனக்கு அறுபத்தாறு வயசு அண்ணாச்சி. எண்ணெய ஊத்தி, கீழ வெள்ளைப் பேப்பர விரிச்சு வச்சிட்டுப் போனேன். காலையில வந்து பாத்தா மூணு சொட்டு.

எப்படி ஊத்தினேன்னு சொல்லிருதேன். அளவுக்குத்தான் ஊத்தினா எண்ணெய் இந்த விளிம்பு வரைக்கும் எட்டாது, கீழேயே கிடக்கும். ஓடும்போதுதான் மேல அடிக்கும். அதனால நான் விளிம்புக்கு மேல வர்ற வரைக்கும் ஊத்திச் சோதிச்சேன். அதுல நின்னா எதுலயும் நிக்கும்லா? பால்பாண்டி ஒருநாள் எட்டிப் பாத்துட்டு, "சார், இவ்வளவு எண்ணெய் இந்த வண்டி ஆயுசுக்கும் வயித்துல வச்சிக்கிட்டு ஓடப் போறதில்ல. எதுக்கு இந்தச் சோதனை? ரெண்டு சொட்டு விழுந்தா விழட்டும், அடியில ஒரு தட்டு வச்சிக்கிடலாம்"னான். தட்டு வைக்கதாம். இப்படிப் பேசுதவன்கிட்ட என்னத்தச் சொல்ல?

மூணு சொட்டு விழுந்ததும் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். கார்க்கு பிதுங்கி வெளிய வந்துட்டு. கழட்டினேன். ரெண்டாவது தடவை பேஸ்ட்டு பூசி மாட்டினேன், ரெண்டு சொட்டு. மூணாவது தடவை நானே ஷீட்டு வாங்கிட்டு வந்து கத்தரிச்சு மாட்டினேன், ஓரத்துல கசிஞ்சுது. அப்பத்தான் பாத்தேன், ஓட்டை ஓட்டைக்குச் சுத்தி விளிம்பு குழிஞ்சிருக்கு. எவனோ முன்னால ரொம்ப இறுக்கியிருக்கான். நான் இறுக்கினதா இருக்காது. எனக்குக் கை அளவு தெரியும். சம்ப்ப வீட்டுக்குக் கொண்டு போயி, மரக்கட்டைய அடியில குடுத்து, சுத்தியலால பூப்போல தட்டித் தட்டி நேராக்குவேன். அடுத்த நாள் கொண்டாந்து மாட்டுவேன். மறுபடி ஒரு சொட்டு. மறுபடி கழட்டுவேன். தை போயி மாசி வந்துட்டு, மாசி போயி பங்குனி வந்துட்டு.

தினம் வேலை முடிச்சிட்டு ஜன்னல் பக்கம் போயி அவன்கிட்டச் சொல்லுவேன். "தனிசு, இன்னைக்கும் சரியா வரல. நாளைக்கு." அவன் என்னையே பாப்பான். பேச்சுப் போனவனுக்கு ஒரே ஒரு சொல்லு மட்டும் மிச்சம் இருந்துது. "விடு." கோணின வாயோட கஷ்டப்பட்டுச் சொல்லுவான். "விடு... விடு." எனக்குக் கண்ணு கலங்கிரும். அந்த நெலமையிலயும் எனக்கு ஆறுதல் சொல்லுதான் பாருங்க. போனாப் போகுது, மனசுல வச்சிக்கிடாத, அவசரம் இல்லன்னு. நான் அவன் கையப் பிடிச்சிக்கிட்டு, "இல்ல மாப்ள, உனக்கு முன்னால ஒழுகுத வண்டிய ஸ்டார்ட் பண்ண மாட்டேன்"பேன். அவன் இன்னும் சத்தமா "விடு"ம்பான். கட்டில்ல இடது கையால அடிப்பான். அவ்வளவு பிரியம்.

பங்குனி கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் கோவில்பட்டியில ஒரு கல்யாணம். அந்த நாளாப் பாத்து செலின் பால்பாண்டிய வரச் சொல்லியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. பந்தியில உக்காந்திருக்கேன், போன் வருது. "அண்ணே, சம்ப்பு எங்கண்ணே?" என் வீட்டுலதான் இருக்கு, நேராக்க எடுத்துட்டு வந்திருந்தேன்லா. "வீட்டுல பூட்டி வச்சிருக்கேன் தங்கச்சி, சாவி என்கிட்ட இருக்கு, எதுக்கு?"ன்னேன்.  அப்புறம் மெதுவா, "சரிண்ணே, நீங்க சாப்பிடுங்க"ன்னுட்டு வச்சிட்டா.

பால்பாண்டிதான் பொறவு சொன்னான். அன்னைக்கு தனிஸ்லாசுக்கு சவரம் பண்ணி, கோயிலுக்குப் போடுத வெள்ளைச் சட்டைய மாட்டி, நாலு பேரு சேந்து நாற்காலியோட தூக்கி ஷெட்டுக்குள்ள வண்டி பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க. பேட்டரி புதுசு போட்டு, பெட்ரோல் ஊத்தி, எல்லாம் தயார். பால்பாண்டி எண்ணெய் ஊத்தலாம்னு டின்னத் தொறந்துட்டு அடியில குனிஞ்சு பாத்தா, தொட்டியவே காணும், உள்ள இருக்க கம்பி தண்டெல்லாம் அப்படியே தெரியுது. தனிஸ்லாசு ஒண்ணரை மணி நேரம் அந்த நாற்காலியில இருந்தானாம். உள்ள கூட்டிட்டுப் போறோம்னா வர மாட்டேன்னுட்டானாம்.

மறுநாள் போனேன். எனக்கும் வருத்தம் இருந்துது, இல்லன்னு சொல்லல. என்னக் கேக்காம எப்படிச் செய்யலாம்னு கேட்டேன். செலின் அப்பத்தான் அந்த ஒண்ணச் சொன்னா. "அண்ணே, அவுக தினம் உங்ககிட்ட என்ன சொல்லுதாகன்னு நெனச்சீங்க? வண்டிய விடு, வண்டிய விடுன்னு சொல்லுதாகண்ணே. வண்டிங்கது வாயில வரல, அவ்வளவுதான். ஒழுகிட்டுப் போகுது. ஒரு நிமிஷம் ஓடினாப் போதும். விட்டுருங்கண்ணே."

நான் யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. நாப்பது வருஷம் பழகினவன் நான். அவன் அப்படிச் சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதா? பொம்பளைங்களுக்கு மனசு எளகின நேரத்துல எல்லாம் அப்படித்தான் கேக்கும். "தங்கச்சி, பத்தே நாளு பொறு. சித்திரைக்குள்ள முடிச்சிருதேன்"னு சொன்னேன். சொன்ன சொல்ல நான் தவறல. அத நீங்க கவனிக்கணும்.

சித்திரை மாசம் ஒரு செவ்வாக்கிழமை. மத்தியானம் பன்னெண்டரை இருக்கும். அன்னைக்கு நான் நெனச்ச மாதிரி விளிம்பு மட்டமா வந்துட்டு. கண்ணாடிப் பலகையில கவுத்து வச்சுப் பாத்தேன், ஒரு பேப்பர் உள்ள நுழையல. புது கேஸ்கட்டு. மெல்லிசா பேஸ்ட்டு. ஒவ்வொரு போல்ட்டா ரெண்டு விரலால ஸ்பானரப் பிடிச்சு இறுக்கிட்டு வாரேன். கேஸ்கட்டு உக்காருதது கையில தெரியுது. பதினாறு முடிஞ்சிட்டு. அப்ப உள்ள இருந்து செலின், "அண்ணே, ஓடி வாங்க, அவுகளத் தூக்கிப் பிடிங்க"ன்னு சத்தம் போடுதா.

"வந்துட்டேன்"னு சொன்னேன். சொல்லாம இல்ல. ரெண்டு தடவை சொன்னேன்.

பேஸ்ட்டு பூசினதுக்கப்புறம் பாதியில விட்டா ஒரு பக்கம் உக்காந்து ஒரு பக்கம் தூக்கிரும். அதுவரைக்கும் மூணு மாசம் பட்டபாடெல்லாம் வீணு. நாலே போல்ட்டுதான் பாக்கி. எவ்வளவு நேரம் ஆகும்? நாலு நிமிஷம். அஞ்சுன்னே வச்சிக்கிடுங்க. முடிச்சிட்டு வெளிய வந்தேன். கையெல்லாம் எண்ணெய். அந்தக் கையோட நோயாளியத் தொடலாமா? குழாயடியில சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ள போனேன். அவ கட்டில் மேல ஏறி உக்காந்து, அவன் தலையத் தூக்கித் தன் நெஞ்சோட வச்சிக்கிட்டு இருந்தா. அவ சின்ன உடம்பு, அவன் ஆஜானுபாகு. தூக்க முடியல போல. அவன் வாயில கஞ்சி வழிஞ்சிருந்துது. கண்ணு ஜன்னலப் பாத்துத் தொறந்திருந்துது.

டாக்டர் வந்து ரெண்டாவது அட்டாக்குன்னாரு. யாரு இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு தெளிவாச் சொன்னாரு. செலினும் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தா.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பெட்டிய நானும் ஒரு பக்கம் தாங்கினேன். ரெண்டு நாள் கழிச்சு ஷெட்டுக்குப் போயி அடியில பேப்பரப் பாத்தேன். எப்பவும் போல விளிம்பு வரைக்கும் எண்ணெய் ஊத்தி வச்சிருந்தேன்லா, அடக்கத்தன்னைக்குக் காலையில. நம்ப மாட்டீங்க. ஒரே ஒரு சொட்டு. அதுவும் பின் பக்கம். அங்கதான் அந்தக் கடைசி நாலு போல்ட்டு. அவ சத்தம் போட்டப்போ பதட்டத்துல கை கொஞ்சம் கூடியிருக்கு. வேற காரணம் இல்ல. எண்ணெய வடிச்சு, கழட்டி, பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.  நான் கழட்டுதத செலின் உள்ள இருந்து ஜன்னல் வழியாப் பாத்தா.

ஏழாம் நாள் பூசைக்குப் போனேன். பூசை முடிஞ்சு எல்லாரும் போன பொறவு செலின் கிட்டப் போயி, "தங்கச்சி, இன்னும் ஒரே தடவை மாட்டினாப் போதும், வண்டி தயாரு. அவன் ஆசையும் நெறவேறும்"னேன். அவ என்ன நேராப் பாத்தா. கண்ணுல தண்ணியெல்லாம் இல்ல.

"அன்னைக்கு நான் கூப்பிட்டப்போ எத்தன போல்ட்டு பாக்கி இருந்துது?"ன்னு கேட்டா.

எனக்குப் பொய் சொல்ல வராது. "நாலு"ன்னேன்.

"சரிங்க சார்"ன்னா.

சாருன்னு கூப்பிட்டா அண்ணாச்சி. இருபத்தெட்டு வருஷமா அண்ணேன்னு கூப்பிட்டவ. மில்லுல வாட்ச்மேன் கூப்பிடுத மாதிரி சாருன்னா. அதுக்கப்புறம் மூணு தடவை போனேன். கேட்டுல கொண்டி போட்டிருந்துது. பக்கத்து வீட்டம்மா, ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுச்சு. உள்ள பேன் ஓடுத சத்தம் எனக்குக் கேக்குது. நாலாவது தடவை போகும்போது கேட்டு தொறந்துதான் கிடந்துது, ஷெட்டுல வண்டி இல்ல. சாத்தான்குளத்துல ஒருத்தருக்குக் குடுத்துட்டாளாம். சம்ப்பு இல்லாமலே கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருக்காங்க.

நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்க வெளியாளு, நீங்க சொல்லுங்க. அரைகுறையா மாட்டி, புகையக் கிளப்பி, தரையெல்லாம் எண்ணெயாக்கி, அதத்தான் கேக்கணும்னு அவனுக்கு ஆசையா இருந்திருக்குமா? நல்லபடியாக் குடுக்கணும்னு நெனச்சது குத்தமா? ... சரி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வல்லநாடு தாண்டிட்டா? இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

முந்தாநாள் பால்பாண்டிகிட்ட நம்பர் வாங்கி அந்த சாத்தான்குளத்துக்காரருக்குப் போன் போட்டேன். சம்ப்பு என்கிட்ட பத்திரமா இருக்கு, வளைவு எடுத்துக் கொண்டாந்து நானே மாட்டித் தாரேன், அதுவரைக்கும் வண்டியத் தொட வேண்டாம்னு சொல்லலாம்னு. அவரு சிரிச்சாரு. "வேண்டாம் சார், பால்பாண்டி வேற ஒரு பழைய இஞ்சின்ல இருந்து கழட்டிக் கொண்டாந்து மாட்டிட்டான். நேத்துக் காலையில ஸ்டார்ட் பண்ணியாச்சு, சூப்பரா ஓடுது"ன்னாரு. எத்தன மணி நேரத்துல மாட்டினான்னு கேட்டேன். முக்கா மணி நேரமாம்.

அப்புறம் அவரே சொன்னாரு. "அந்தக்காவும் வந்திருந்தாங்க சார். பஸ்ஸு பிடிச்சு வந்தாங்க. ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்துல நின்னாங்க. ஏறி உக்காருங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்னேன், வேண்டாம்னுட்டாங்க. பேனட்டு மேல கைய வச்சிக்கிட்டு அப்படியே நின்னாங்க. ரொம்ப நேரம். நான்தான் பெட்ரோல் தீந்துரும்னு ஆப் பண்ணினேன்."

எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல பாருங்க. நானும் வந்திருப்பேன்.

"இருங்க சார், உங்களுக்கும் கேக்க வைக்கேன்"னு அந்த மனுஷன் செல்போன வண்டிகிட்டக் கொண்டு போனாரு. ஸ்டார்ட்டர் சுத்துத சத்தம் கேட்டுது. பிடிச்சிட்டு. நான் கட் பண்ணிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. போன்ல எல்லாம் சத்தம் சரியா விளங்காது. கொஞ்ச நேரம் கழிச்சு நானே திரும்பப் போட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டேன், ஒழுகுதான்னு.

"தெரியல சார், கீழ பாக்கல"ன்னாரு.

கீழ பாக்கலயாம்! ஒரு நாள் முழுக்க வண்டிய ஓட்டியிருக்கான், அத்தன பேரு சுத்தி நின்னிருக்காங்க, பால்பாண்டி நின்னிருக்கான், செலின் நின்னிருக்கா. ஒருத்தர் கூடவா குனிஞ்சு பாக்கல?

என்ன கேட்டீங்க? காத்துச் சத்தத்துல விழல. இதுவா? ஆமா, வண்டிக்கு வேற மாட்டியாச்சுதான். என் வீட்டுக்காரியும் காலையில இததான் கேட்டா, இத நேராக்கி எதுல மாட்டப் போறீங்கன்னு. அவகிட்ட நான் பதில் சொல்லல. டப்பாவுல புளிச்சாதம் கட்டிக் குடுத்தா, வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன். நீங்க கேக்கதால சொல்லுதேன்.

எதுலயும் இல்ல அண்ணாச்சி.

பட்டறைக்காரன் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிருவானாம். அதுக்குள்ள போயிரணும்.